பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

1943 ஜனவரி 16 இரவு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட் நகரின் கப்பல் கட்டும் துறையில் ‘ஷெனெக்டடி’ என்ற எண்ணெய்க் கப்பல் கட்டிப்போடப்பட்டிருந்தது. புத்தம் புதுக் கப்பல். வெள்ளோட்டம் முடிந்து அப்போதுதான் துறைக்குத் திரும்பியிருந்தது. புயலும் இல்லை, அலையும் இல்லை. திடீரென்று பெரும் வெடிச்சத்தத்தோடு மேல்தளம் பிளந்தது. பிளவு இரு பக்கத் தகடுகளிலும் இறங்கி ஏறக்குறைய அடித்தளம்வரை ஓடியது. கப்பலின் நடுப்பகுதி நீருக்கு மேலே மடங்கி எழ, முன்பாகமும் பின்பாகமும் ஆற்றுப் படுகையில் போய்த் தட்டி நின்றன.

அது போர்க்காலம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிப்பதைவிட வேகமாகக் கப்பல்களைக் கட்டியாக வேண்டிய நெருக்கடி. அதுவரை கப்பல் தகடுகளைப் பெரும்பாலும் ரிவெட் அடித்தே இணைத்துவந்தார்கள். தகடுகளின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்து, துளையிட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகி, மறுமுனையை அடித்துத் தட்டையாக்க வேண்டும். ஆளையும் நேரத்தையும் தின்னும் வேலை. அமெரிக்கத் துறைகள் வெல்டிங்குக்கு மாறின. ‘லிபர்ட்டி’ வகைச் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,710 கட்டப்பட்டன. அவற்றில் ஒன்றான ‘ராபர்ட் ஈ. பியரி’யை 1942 நவம்பரில் ஐந்து நாளுக்கும் குறைவான நேரத்தில் எழுப்பி நீரில் இறக்கினார்கள்.

இப்படிக் கட்டிய கப்பல்களில் பல விரிசல் கண்டன; சில இரண்டாகவே பிளந்தன. பழி முதலில் வெல்டிங்மீது விழுந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் செய்த ஆய்வுகள் வேறொரு காரணத்தைக் காட்டின. அந்நாளைய கப்பல் எஃகு, குளிர்ந்த நீரின் வெப்பநிலையில் இழுபடும் தன்மையை இழந்து சட்டென முறியும் இயல்புக்கு மாறிவிடுகிறது. சரக்கறைத் திறப்புகளின் சதுர மூலைகளில் அழுத்தம் குவிந்து விரிசல் தொடங்க இடம் கொடுத்தது. அதே தரத்து எஃகில் ரிவெட் அடித்த கப்பல்களும் கடலில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றில் விழும் விரிசல் ஒரு தகட்டின் விளிம்பை எட்டியதும் நின்றுவிடும், ஏனென்றால் அடுத்தது தனித் தகடு. வெல்டிங் செய்த கப்பலோ முனையிலிருந்து முனைவரை ஒரே இரும்பு. ஓடத் தொடங்கிய விரிசலைத் தடுக்க அதில் ஒன்றுமில்லை.

பொறியாளர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று என்னை இன்றும் வியக்கவைக்கிறது. மேல்தளத்தின் ஓரமாக, கப்பலின் நீளவாக்கில், நல்ல தகட்டை வேண்டுமென்றே வெட்டிப் பிளந்தார்கள். அந்தப் பிளவின்மேல் ஒரு பட்டையை வைத்து ரிவெட் அடித்தார்கள். நீண்டுகிடக்கும் வெல்டிங்குக்கு நடுவே, தேர்ந்தெடுத்த சில கோடுகளில் மட்டும், பழைய முறை திரும்பி வந்தது. கப்பல் வேகமாகக் கட்டப்பட்டது. விரிசலும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

இந்தத் தீர்வை ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்கலாம். கப்பலின் இணைப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நீர் புகாமலும் விரைவாகக் கட்டவும். அதே இணைப்பு தொடர்ச்சியற்றும் இருக்க வேண்டும், விரிசல் நிற்பதற்கு. இரண்டும் நியாயமான தேவைகள். இரண்டையும் சராசரி எடுத்து ‘ஓரளவு தொடர்ச்சியான’ இணைப்பைச் செய்தால் எதுவும் நிறைவேறாது. பெரும்பகுதியில் தொடர்ச்சி, குறித்த சில கோடுகளில் துண்டிப்பு என்று இரு தேவைகளையும் வெவ்வேறு இடங்களில் வைத்ததால்தான் சிக்கல் அவிழ்ந்தது.

தொழில்நுட்பச் சிக்கல்களை இப்படி வாக்கியமாக்கிப் பார்க்கும் முறை ஒன்றை, இதே காலகட்டத்தில், சோவியத் ஒன்றியத்தின் பாகு நகரில் ஓர் இளைஞர் உருவாக்கத் தொடங்கியிருந்தார். கென்ரிக் அல்ட்ஷுல்லர் 1926இல் தாஷ்கண்டில் பிறந்து பாகுவில் வளர்ந்தவர். கடற்படையில் கண்டுபிடிப்பு விண்ணப்பங்களைக் கையாளும் பணியில் இருந்தார். ஆயிரக்கணக்கான காப்புரிமைகளைப் படித்தவருக்கு ஒன்று புலப்பட்டது: வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு பத்தாண்டுகளில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே வகையான முடிச்சை ஒரே வகையான உத்தியால் அவிழ்த்திருக்கிறார்கள். 1948இல் அவரும் நண்பர் ரஃபேல் ஷாபிரோவும் நாட்டில் கண்டுபிடிப்புப் பணி நடக்கும் விதத்தைக் குறைகூறி ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார்கள். 1950இல் கைது; 25 ஆண்டுச் சிறைத்தண்டனை; வட துருவ வட்டத்துக்கு அப்பால் வோர்க்குத்தா முகாம். ஸ்டாலின் இறந்தபின் 1954இல் விடுதலையானார்கள். 1956இல் ஓர் உளவியல் ஆய்விதழில் இருவரும் எழுதிய கட்டுரைதான் இம்முறையின் முதல் அச்சு வடிவம். பின்னாளில் அது ‘ட்ரிஸ்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது.

ட்ரிஸ் என்றதும் பயிற்சி வகுப்புகளில் கையில் கொடுப்பது 40 உத்திகளின் பட்டியலும், 39 வரிசை 39 பத்தி கொண்ட ஒரு பெரிய அட்டவணையும்தான். எதை மேம்படுத்த வேண்டும், அதனால் எது கெடுகிறது என்று இரண்டையும் தேர்ந்தால், அவை சந்திக்கும் கட்டத்தில் பயன்படக்கூடிய உத்திகளின் எண்கள் இருக்கும். பார்க்கக் கவர்ச்சியானது. ஆனால் பொருள்களை இணைக்கும் துறையில் இந்த அட்டவணை அவ்வளவு தூரம் கைகொடுப்பதில்லை என்பது என் கணிப்பு. அது திரட்டப்பட்ட காலத்துக் காப்புரிமைகளில் இயந்திரவியலின் பங்கு பெரிது. இன்றைய இணைப்புச் சிக்கல்களோ பாதிக்குமேல் வேதியியலிலும் பொருளறிவியலிலும் கிடக்கின்றன. அட்டவணையைப் புதுப்பிக்கும் முயற்சிகள் பின்னால் நடந்ததும் இதனால்தான். அல்ட்ஷுல்லரின் உண்மையான கொடை அட்டவணைக்கு அடியில் இருக்கிறது. ஒரே பொருள் ஒரு தன்மையோடும் இருக்க வேண்டும், அதற்கு நேரெதிர்த் தன்மையோடும் இருக்க வேண்டும் என்று முரண்பாட்டை அதன் கடைசிக் கூர்மைவரை சீவு என்கிறார் அவர். பிறகு அந்த இரண்டையும் காலத்தால், இடத்தால், சூழ்நிலையால், அல்லது முழுமைக்கும் பகுதிக்கும் இடையில் பிரித்துப் பார். வெளியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவருமுன், அங்கேயே கிடப்பது எது என்று தேடு.

இணைப்பு என்பதே முரண்பாட்டின் பிறப்பிடம். எந்த இணைப்பும் பிடிக்க வேண்டும். எப்போதாவது, ஏதோ ஒரு திசையில், விட்டும் கொடுக்க வேண்டும். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசுலா படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருந்தார்கள். கரையில் உடையும் அலை படகைத் தூக்கி மணலில் அறையும்போது விறைப்பான உடல் பிளந்துவிடும். தைத்த உடல் நெளிந்து கொடுக்கும். நீர் புகாத அளவுக்கு இறுக்கம், முறியாத அளவுக்கு நெகிழ்ச்சி. அதற்கு விலையும் இருந்தது: தையலைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும், உள்ளே கசியும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மரையாணிக்கு வருவோம். போல்ட்டும் நட்டும் மனிதன் செய்த இணைப்புகளிலேயே நாணயமானவை. இறுக்கினால் பிடிக்கும், திருப்பினால் விடும். சிக்கலும் அங்கேதான். கையால் திருப்பும்போது கழல்வது அதிர்விலும் கழல்கிறது. நட்டு ஏன் தானாகக் கழல்கிறது என்பதை 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனையால் தெளிவாக்கினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாக்கில் வரும் நகர்வே ஆபத்தானது. இறுக்கிய தகடுகள் குறுக்கே வழுக்கும் கணத்தில் மரையில் உராய்வுப் பிடி தளர்கிறது. போல்ட்டில் இழுபட்டு நிற்கும் விசையே நட்டைப் பின்னோக்கித் திருப்பிவிடுகிறது. ஒவ்வோர் அதிர்விலும் துளித்துளியாகக் கழலும். பட்டறைகளில் இன்றும் பழக்கத்தால் போடும் ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுப்பதில்லை. முழு இறுக்கத்தில் அது நசுங்கித் தட்டையாகி, சாதாரண வாஷராகவே ஆகிவிடுகிறது. 1990இல் நாசா வெளியிட்ட இணைப்பாணிகள் கையேடு அதைப் பூட்டுவதற்குப் பயனற்றது என்றே ஒதுக்குகிறது.

இந்தச் சிக்கலை வென்ற இரண்டு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. முதலாவது, ஆப்பு வாஷர். இரண்டு வாஷர்கள் ஜோடியாக வரும். வெளிமுகங்களில் கூரிய பற்கள். ஒன்றையொன்று தொடும் உள்முகங்களில் சாய்ந்த படிகள். அந்தப் படிகளின் சாய்வு மரையின் சாய்வைவிடச் சற்று அதிகம். எல்லாம் அந்தச் சிறு வித்தியாசத்தில் இருக்கிறது. போல்ட் கழலத் திரும்பினால் மரை வழியாக அது கொஞ்சம் தளர வேண்டும். ஆனால் அதே திருப்பத்தில் வாஷர்கள் படியேறி அதைவிட அதிகமாக விரிகின்றன. ஆகவே கழல முயலும் போல்ட் மேலும் இழுபட்டு இறுகுகிறது. தீமை செய்யும் அதே அசைவு காவலுக்கு அமர்த்தப்படுகிறது. 40 உத்திகளில் தீங்கை நன்மையாக்குவது என்று ஒன்று உண்டு; அதற்கு இதைவிடச் சுத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வழி, மெக்கானிக்குகள் ‘லாக்டைட்’ என்று நிறுவனப் பெயராலேயே அழைக்கும் மரைப் பசை. இது சற்று நின்று பார்க்க வேண்டிய கதை. மரையின் இடுக்கில் இறங்கும் பசை திரவமாக இருக்க வேண்டும். இறங்கியபின் திடமாக வேண்டும். சாதாரணப் பசைகள் இதைக் கரைப்பான் ஆவியாவதாலோ இரண்டு பொருள்களைக் கலப்பதாலோ சாதிக்கின்றன. இரண்டும் இங்கே ஒத்துவராது. மரைக்குள் ஆவியாக வழியில்லை. கலந்துவைத்த பசை பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். 1940களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஒரு வினோதமான திரவம் கைக்கு வந்தது. காற்று பட்டுக்கொண்டிருந்தால் திரவம், காற்று இல்லாவிட்டால் திடம். ஆனால் அதைக் கெடாமல் வைத்திருக்க ஓயாமல் காற்றைக் குமிழியிட்டுச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சரக்கை யாருக்கு விற்பது? கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் அதை நிலைநிறுத்தும் வழியைக் கண்டார். 1956இல் பசை வெளியுலகத்துக்கு அறிமுகமானது.

அது செயல்படும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால், ஒரு தேர்ந்த மனம் எதையெல்லாம் வேலை வாங்குகிறது என்று தெரியும். பசையின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளத் துடிக்கின்றன. பசையில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்தச் சங்கிலியை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகிறது. மரையை இறுக்கியதும் இடுக்கில் புதிய காற்று வர வழியில்லை. அதே நேரத்தில் போல்ட்டின் இரும்பு அயனிகள் பசையில் உள்ள பெராக்சைடைச் சிதைத்துச் சங்கிலி வினையைத் தூண்டுகின்றன. காற்று இல்லை, உலோகம் உண்டு. இந்த இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் மரையின் இடுக்குதான். வெளியே பிதுங்கி வழிந்த பசை, காற்றில் இருப்பதால், திரவமாகவே நிற்கும், துணியால் துடைத்துவிடலாம். குப்பியைப் பாருங்கள். காற்றை உள்ளே விடும் மெல்லிய பாலித்தீன் குப்பி. அதுவும் விளிம்புவரை நிரப்பாமல் வெற்றிடம் விட்டே விற்கிறார்கள். வாங்குபவர் அளவு குறைவு என்று நினைக்கக்கூடும். அந்த வெற்றிடத்துக் காற்றுதான் பசையைத் திரவமாக வைத்திருக்கிறது. எங்கும் இலவசமாகக் கிடைக்கும் காற்றும், எப்படியும் அங்கே இருக்கப்போகும் இரும்பும் பூட்டுக்குச் சாவியாகிவிட்டன. துருப்பிடிக்காத எஃகிலும் துத்தநாகப் பூச்சிட்ட மரையிலும் இதே பசை மெதுவாகத்தான் இறுகும். அந்தப் பரப்புகள் அயனியை எளிதில் தருவதில்லை. அங்கே தூண்டுதிரவம் ஒன்றை முதலில் பூச வேண்டியிருக்கிறது. ‘அங்கேயே கிடப்பது’ இல்லாமற்போனால் தீர்வும் தடுமாறும்.

பிரிக்கும் கேள்வியும் உடன் வந்தது. நீல நிறப் பசையைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம். சிவப்பு நிறப் பசைக்குச் சுமார் 250 டிகிரி செல்சியஸ்வரை சூடுகாட்ட வேண்டும். இணைப்பை விடுவிக்கும் சூழ்நிலையை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது.

இங்கே ஒரு நேர்மையான கேள்வியை எழுப்பியாக வேண்டும். கப்பல் தகட்டை வெட்டிய பொறியாளர்களோ கிரீபிளோ ட்ரிஸைக் கேள்விப்பட்டவர்கள் அல்லர். நடந்து முடிந்த ஒன்றுக்கு அழகான இலக்கணம் எழுதுவது எளிது. அல்ட்ஷுல்லரே தம் முறையைக் காப்புரிமைகளிலிருந்து, அதாவது வெற்றிபெற்ற முடிவுகளிலிருந்து, பின்னோக்கித் திரட்டியவர். தோற்றுப்போன முயற்சிகளிலும் இதே உத்திகள் இருந்திருக்கலாம்; அவை காப்புரிமை அலுவலகத்துக்கு வந்திருக்காது. இந்தக் குறையை ட்ரிஸ் ஆர்வலர்கள் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

இருந்தும் இம்முறையை நான் விடாப்பிடியாக மதிப்பதற்குக் காரணம், ஒவ்வொரு தீர்வும் அடுத்த முரண்பாட்டைப் பெற்றுவிடுகிறது என்பதும், அந்த அடுத்ததை முன்கூட்டியே காண இது கண் கொடுக்கிறது என்பதும். உராய்வுக் கிளறு வெல்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விமானங்களுக்கும் ராக்கெட்டுகளுக்கும் உகந்த வலுவான அலுமினியக் கலவைகள் பலவற்றை உருக்கி வெல்டிங் செய்தால் உறையும்போது விரிசல் காணும். இணைய வேண்டுமானால் சூடாக வேண்டும். கெடாமலிருக்க உருகக் கூடாது. 1991இல் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள பிரிட்டிஷ் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸும் உடன்பணியாற்றியவர்களும் சுழலும் கடின ஊசி ஒன்றை இரு தகடுகளின் சேர்விடத்தில் அழுத்தி நகர்த்தினார்கள். உராய்வுச் சூட்டில் உலோகம் உருகாமல் குழைந்து, ஊசியைச் சுற்றிப் பின்னே வழிந்து, ஒன்றாகக் கலந்தது. இன்று ஃபால்கன் 9 ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகள் இம்முறையில் இணைகின்றன. ஆனால் வேலை முடிந்து ஊசியை உருவினால் அங்கே ஒரு துளை நிற்கும். நேர்த் தகட்டில் அந்த முனையை வெட்டி எறியலாம்; உருளைத் தொட்டியின் சுற்றுத் தையலில் முனையே கிடையாது. கிளற ஊசி உள்ளே இருக்க வேண்டும். துளை விழாமலிருக்க ஊசி அங்கே இருக்கக் கூடாது. காலத்தால் பிரித்தார்கள்: முடிவை நெருங்கும்போது, கருவி சுழன்று நகர்ந்துகொண்டிருக்கையிலேயே, ஊசியை மட்டும் சிறிதுசிறிதாக உள்ளிழுக்கும் அமைப்பை நாசா உருவாக்கியது.

இணைப்பு பற்றிய முறையான சிந்தனையில் ட்ரிஸ் தனியாக இல்லை. ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்ட்டும் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த கோப்பு வடிவமைப்பு முறை மூன்றே கேள்விகள் கேட்கும். இந்த உறுப்பு மற்றவற்றோடு ஒப்பிட அசைகிறதா? வேறு பொருளால் ஆகியே தீர வேண்டுமா? கோப்பதற்கோ பிரிப்பதற்கோ தனியாக இருந்தே தீர வேண்டுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்த உறுப்பை அடுத்ததோடு சேர்த்துவிடு அல்லது நீக்கிவிடு. திருகாணிகள் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தோற்கும். கடந்த சில பத்தாண்டுகளில் நம் வீட்டுப் பொருள்களிலிருந்து திருகாணிகள் மறைந்து, சொருகினால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கொக்கிகளும் பசையும் வந்ததில் இந்த முறைக்குப் பெரும் பங்குண்டு. தொழிற்சாலைக்கு அது லாபம். பழுதுபார்ப்பவருக்குத் தண்டனை. மூன்றாம் கேள்வியில் ‘பிரிப்பதற்கோ’ என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. அதைப் படிக்காமல் தாண்டியவர்கள் வடிவமைப்பாளர்களே.

கைபேசி பேட்டரி இதன் உச்சம். குலுங்காமல், கீழே விழுந்தாலும் நகராமல், பல ஆண்டுகள் ஒட்டியிருக்க வேண்டும். மாற்றும் நாளில் சில நிமிடங்களில், நெம்பாமல், விட்டுவிட வேண்டும். நெம்பினால் லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடும் என்பதால் இது வெறும் வசதி குறித்த விஷயம் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பேட்டரிச் சட்டம், கையடக்கக் கருவிகளின் பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற பொது விதியை 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. முரண்பாட்டைக் கூர்மையாக்கும் வேலையைச் சட்டமே செய்துவிட்டது.

அல்ட்ஷுல்லரின் கேள்விகளை இதன்மேல் வைத்துப் பார்த்தால் தீர்வுகள் எந்தெந்தத் திசையில் கிளைவிடும் என்று தெரிகிறது. திசையால் பிரிக்கலாம்: பேட்டரிக்கு அடியில் இழுவைப் பட்டை ஒட்டி அதன் வாலை வெளியே விடுவது. பக்கவாட்டு விசைக்கு அது அசையாது. வாலைப் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் பட்டை நீண்டு மெலிந்து இரு பரப்புகளிலிருந்தும் உரிந்துவரும். நல்ல வழி, ஆனால் பழைய பட்டை பாதியில் அறுந்துபோனால் மறுபடியும் நெம்புகோல்தான். முழுமைக்கும் பகுதிக்கும் இடையில் பிரிக்கலாம்: 1968இல் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் கண்ட நுண்கோளப் பசை அப்படிப்பட்டது. ஒவ்வொரு கோளமும் நன்றாக ஒட்டும். தாளோ கோளங்களின் உச்சியில் மட்டும் தொடுவதால் எளிதில் உரியும். போஸ்ட்-இட் தாளுக்குப் போதும், பேட்டரியின் எடைக்குப் போதாது. சூழ்நிலையால் பிரிக்கலாம்: சூடுபட்டால் ஊதிப் பெருக்கும் நுண்குமிழிகளைப் பசையில் கலப்பது. ஆனால் பேட்டரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டாத விருந்தாளி.

சூடு கூடாதென்றால் அங்கே வேறென்ன கிடக்கிறது? மின்சாரக் கருவியில் மின்சாரம். ஐபோன் 16 வரிசையின் சில மாதிரிகளில் ஆப்பிள் இந்தத் திசையில்தான் போனது. பேட்டரியை ஒட்டும் பசையினூடே 9 வோல்ட் மின்சாரத்தைச் சுமார் ஒன்றரை நிமிடம் செலுத்தினால், பசைக்கும் உலோகத்துக்கும் இடையிலான பரப்பில் பிடிமானம் குலைந்து பேட்டரி கையோடு வந்துவிடுகிறது. கருவியின் பேட்டரியே செத்துப்போயிருக்கும் என்பதால் மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அதனாலென்ன, 9 வோல்ட் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

இதே கேள்வி இப்போது மின்கார்களின் பேட்டரிப் பெட்டிக்கு வந்து நிற்கிறது, பல மடங்கு பெரிதாக. சில நிறுவனங்கள் மின்கலங்களை நுரைப்பசையில் மொத்தமாகப் புதைத்து, பெட்டியையே வண்டியின் சட்டகமாக்குகின்றன. எடை குறைகிறது, விறைப்பு கூடுகிறது, மோதலில் கலங்கள் நகர்வதில்லை. ஒரு கலம் கெட்டால் மட்டும் அதை எடுக்க வழியில்லை. ஆயுள் முடிந்தபின் உள்ளிருக்கும் லித்தியத்தையும் நிக்கலையும் மீட்கப் பெட்டியை அரைத்தாக வேண்டும். அந்தப் பசை பிடிக்க வேண்டும், விட வேண்டும், கூடவே சில இடங்களில் வெப்பத்தைக் கடத்த வேண்டும், கலத்துக்கும் கலத்துக்கும் இடையில் தீ பரவாமல் வெப்பத்தைத் தடுக்கவும் வேண்டும். மின்சாரத்தால் விடும் பசையை இந்த அளவுக்குப் பெருக்குவது எளிதன்று: ஆயிரக்கணக்கான கலங்களின் ஒவ்வோர் ஒட்டுப்பரப்புக்கும் மின்பாதை வேண்டும். ஒருவேளை எல்லாக் கலங்களையும் விடுவிக்கும் பசையைத் தேடுவதே தவறான தொடக்கமாக இருக்கலாம். கலங்களைச் சிறு தொகுதிகளாக்கி, தொகுதிக்குள் நிரந்தரமாகவும் தொகுதிகளுக்கிடையில் மட்டும் விடுபடும்படியும் இணைத்தால் திறக்க வேண்டிய கோடுகள் சிலவாகக் குறையும். எந்தக் கோடுகள் அவை, எத்தனை தொகுதிகளுக்குமேல் போனால் சட்டகத்தின் விறைப்பு குலையும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர்கள் பசை வேதியியலாளர்கள் மட்டுமல்லர். பெட்டியை வரையும் கட்டமைப்புப் பொறியாளர்களும்தான்.